மலைப்பாதையில் ஒரு நாள்: நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

சமதளச் சாலையில் ஒரே நாளில் 100 கி.மீ. மிதித்துப் பழகிய ஒருவர், கேரியரில் பைகளைக் கட்டிக்கொண்டு மலைப்பாங்கான நாட்டுப்புறத்திலும் அதே 100 கி.மீ. போய்விடலாம் என்று புறப்பட்டால், பெரும்பாலும் 60 கி.மீ. அளவிலேயே கால்கள் ஓய்ந்துவிடும். அவருடைய உடலில் வலுவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. தூரத்தை அளந்தவர் உயரத்தை அளக்கவில்லை, அவ்வளவுதான். மேடும் பள்ளமுமான பாதையில் நாள் முழுவதும் மிதிப்பவருக்குக் களைப்பு வந்தே தீரும். அது மாலையில், தங்குமிடத்தை நெருங்கும் வேளையில் வர வேண்டும்; பிற்பகலில், இன்னும் இரண்டு ஏற்றங்கள் மீதமிருக்கும்போது வந்துவிடக் கூடாது. முதல் நாள் இரவு வரைபடத்தைப் பார்ப்பதிலிருந்து மறுநாள் மாலை கால் நீட்டி உட்காருவது வரை கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் அந்த ஒரு நோக்கத்துக்காகவே.

முந்தைய இரவு: உயரத்தைக் கணக்கிடுதல்

பாதை வகுத்துத் தரும் செயலிகளில் பெரும்பாலானவை தூரத்தோடு மொத்த ஏற்றத்தையும் காட்டுகின்றன. அன்றைய பாதையில் நீங்கள் ஏறப்போகும் எல்லா மேடுகளின் உயரத்தையும் கூட்டி வருவதே மொத்த ஏற்றம். நடுவில் இறங்கிய உயரம் அதில் கழிக்கப்படாது. ஆகவே புறப்படும் ஊரும் சேரும் ஊரும் கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருந்தாலும், இடையில் நீங்கள் ஆயிரம் மீட்டர் ஏறியிருக்கலாம். ஒரே ஒரு பெரிய மலை உள்ள பாதையைக் கண்டு அஞ்சும் புதியவர்கள், ஐம்பது அறுபது மீட்டர் உயரச் சிறு மேடுகள் இருபது வரிசையாக வரும் பாதையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். மொத்த ஏற்றம் இரண்டிலும் ஒன்றுதான். என் கணிப்பில், சிறு மேடுகள் நிறைந்த பாதைதான் கூடுதலாக வாட்டும், ஏனெனில் அதில் ஒரே சீரான தாளத்தில் மிதிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது சரிவு. 100 மீட்டர் முன்னே செல்லும்போது சாலை 5 மீட்டர் உயர்ந்தால் அது 5 சதவீதச் சரிவு. சுமையுள்ள மிதிவண்டியில் 3, 4 சதவீதம் வரை பொறுமையோடு நெடுநேரம் ஏறலாம். 6, 7 சதவீதத்துக்கு நல்ல தாழ்ந்த கியர் வேண்டும். 10 சதவீதத்தைத் தாண்டினால், புதியவர்களில் பலர் சிறிது தூரத்திலேயே இறங்கித் தள்ள நேரிடும். சராசரிச் சரிவை மட்டும் நம்பிவிடாதீர்கள். சராசரி 5 சதவீதம் என்று காட்டும் 8 கி.மீ. ஏற்றத்தில், தட்டையான ஒரு கிலோமீட்டரும் 11 சதவீதமுள்ள இன்னொரு கிலோமீட்டரும் ஒளிந்திருக்கலாம். உயர வரைபடத்தில் கோடு எங்கே செங்குத்தாக நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நேரக் கணக்கு. மலையில் நடப்பவர்களுக்காக வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஓர் எளிய விதியை வகுத்தார். ஒவ்வொரு 3 மைலுக்கும் ஒரு மணி நேரம், அதன்மேல் ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம் என்பது அந்த விதி. மிதிவண்டிக்கும் இதே முறையில் கணக்கிடலாம். சுமையோடு செல்லும் புதியவர் ஒவ்வொரு 16 கி.மீ.க்கும் ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாகப் பத்து நிமிடமும் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பானது. 60 கி.மீ. தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு, தூரத்துக்காக மூன்றே முக்கால் மணி நேரம், ஏற்றத்துக்காக இரண்டு மணி நேரம், ஆக மொத்தம் ஐந்தே முக்கால் மணி நேரம் மிதிக்க வேண்டியிருக்கும். உணவு, ஓய்வு, பஞ்சர், வழி கேட்பது ஆகியவற்றுக்காக இதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் ஏறத்தாழ எட்டு மணி நேரமாகிறது. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் சேருவீர்கள். முதல் மலை நாளுக்கு 50 கி.மீ. தூரமும் 800 மீட்டர் ஏற்றமும் போதும் என்பது என் பரிந்துரை. அதில் எளிதாகத் தேறியவர் அடுத்த பயணத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

வரைபடத்தை மூடுவதற்கு முன், குடிநீர் கிடைக்கும் இடங்களையும், பாதையைச் சுருக்கிக்கொண்டு வேறு ஊரில் தங்குவதற்கு வாய்ப்புள்ள இரண்டு இடங்களையும் குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பின் அருமை பிற்பகலில் விளங்கும்.

தாழ்ந்த கியர் இருக்கிறதா என்று பார்த்தல்

மலைப் பயணத்துக்கு மிதிவண்டியில் செய்யக்கூடிய மாற்றங்களில் கியரை மாற்றுவதைவிடப் பயனுள்ளது வேறொன்றும் இல்லை. விலையுயர்ந்த சட்டகமும் எடை குறைந்த சக்கரங்களும் அதற்குப் பிறகுதான். உங்கள் மிதிவண்டியின் முன்பற்சக்கரங்களில் மிகச் சிறியதன் பற்களை எண்ணுங்கள். பின்பற்சக்கரங்களில் மிகப் பெரியதன் பற்களையும் எண்ணுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்துச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு முறை சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்பது கிடைக்கும். வழக்கமான பெரிய சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர்.

முன்னே 34 பல்லும் பின்னே 28 பல்லும் உள்ள வண்டி, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.55 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்ற மெதுவான வேகத்தில் மிதித்தாலும் மணிக்கு 9 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோ இருந்தால், 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு 200 வாட்டுக்கு மேற்பட்ட உழைப்பு தேவை. பயிற்சி குறைந்த ஒருவர் பல மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 100 வாட் அளவுதான். முன்னே 26, பின்னே 34 என்று இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர், அதே ஏற்றத்துக்கு ஏறத்தாழ 135 வாட் போதும். ஒரே மனிதர், ஒரே மலை. ஆனால் முதல் வண்டியில் ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டும், இரண்டாவதில் அரை மணி நேரம் தாங்கலாம். முன்பற்சக்கரம் பின்பற்சக்கரத்தைவிடச் சிறியதாகவோ, குறைந்தபட்சம் சமமாகவோ இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

தாழ்ந்த கியரைப் பயன்படுத்துவது பலவீனத்தின் அடையாளம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அந்த எண்ணம் பழையது. பிரான்சில் பால் டி விவி (1853–1930) போன்ற நெடுந்தூரப் பயணிகள் பல கியர்களுக்காகத் தொடர்ந்து வாதாடிய காலத்தில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை நடத்தியவர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். ஓடும்போதே செயினை இடம் மாற்றும் கியர் அந்தப் பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. இன்று அந்தப் பந்தயத்தில் மலையேறுபவர்கள் எல்லோருமே தாழ்ந்த கியரை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

சுமையும் இருக்கையும்

மொத்த எடை 100 கிலோ என்றால், நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் செங்குத்தான ஏற்றத்தில் ஏறத்தாழ ஒரு சதவீத உழைப்பை மிச்சப்படுத்தும். ஒரு கிலோவுக்காக மனத்தை வருத்திக்கொள்ள வேண்டாம்; ஆனால் ஐந்து கிலோ தேவையற்ற பொருளை ஏற்றிச் செல்வது நாள் முடிவில் நன்றாகவே தெரியும். கனமான பொருள்களைப் பக்கப் பைகளின் அடியில், இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி வையுங்கள். எல்லா எடையையும் பின்னாலேயே கட்டினால், செங்குத்தான மேட்டில் முன்சக்கரம் இலேசாகி அலையும். முதுகில் பை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் மிதிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தோளும் இடுப்பும் இருக்கையின்மீது உட்காரும் இடமும் அதற்கு விலை கொடுக்கும்.

இருக்கையின் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கமும், மிக உயர்ந்திருந்தால் பின்பக்கமும் வலிப்பது வழக்கம். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை அணிபவர்கள் அதற்குள் உள்ளாடை அணியக் கூடாது. உள்ளாடையின் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்கும்.

காலையில்

புறப்படுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு மாவுச்சத்து நிறைந்த, எண்ணெய் குறைந்த உணவை வயிறு கனக்காத அளவுக்குச் சாப்பிடுங்கள். பிறகு பிரேக்குகளை அழுத்திப் பாருங்கள். பிரேக் கட்டைகள் தேய்ந்து கோடுகள் மறைந்திருந்தால், மலைப்பாதைக்குப் போவதற்கு முன் மாற்றியே ஆக வேண்டும். டயர்களின் காற்றையும், பைகள் சக்கரத்தில் உரசுகின்றனவா என்பதையும், செயினில் எண்ணெய் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டால் போதும்.

முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாகப் போக வேண்டும். காலைக் குளிரில் கால்கள் துள்ளும், சாலை வெறுமையாக இருக்கும், வேகமாகப் போகத் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தவர்களைத்தான் பிற்பகலில் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கக் காண்கிறோம்.

ஏற்றத்தில் மிதிக்கும் முறை

ஏற்றம் தொடங்கும் இடத்தில் புதியவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: வேகத்தைக் கூட்டி, வந்த உந்துதலிலேயே ஏறிவிடப் பார்ப்பார்கள். இருபது மீட்டர் உயர மேட்டுக்கு அது சரி. அரை மணி நேர ஏற்றத்தில், முதல் மூன்று நிமிடத்தில் செலவழித்த வலுவை மீதி இருபத்தேழு நிமிடத்திலும் திரும்பப் பெற முடியாது. தசைகள் ஆக்சிஜன் போதாமல் உழைக்கத் தொடங்கியதும் எரிச்சல் ஏறுகிறது, மூச்சு இரைக்கிறது. அதோடு உடலில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தும் பல மடங்கு வேகமாகக் கரைகிறது. அப்படிக் கரைந்ததைச் சாலையில் சாப்பிட்டு ஈடுகட்டுவது கடினம்.

ஆகவே ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்பே கியரைத் தாழ்த்திவிடுங்கள். கால் முழு பலத்தோடு அழுத்தும்போது கியரை மாற்றினால் செயின் கழன்றுவிடலாம், அறுந்தும் போகலாம். மாற்றும் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று வரை கால்கள் சுழல வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் சுமை முழுவதும் முழங்காலில் விழுகிறது.

உழைப்பின் அளவை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. பேசிப் பாருங்கள். உடன் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடிந்தால், அந்த உழைப்பை நாள் முழுவதும் தாங்கலாம். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால், கடன் வாங்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். தனியாகப் போகிறவர் வாய்விட்டு எண்ணிப் பார்க்கலாம். கியர் அதற்குமேல் தாழாமல் மூச்சு மட்டும் ஏறிக்கொண்டே போனால், நின்று மூச்சை ஆற்றிக்கொள்ளுங்கள், அல்லது இறங்கித் தள்ளுங்கள். 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் தள்ளாடிக்கொண்டு மிதிப்பதற்கும் நடப்பதற்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நடந்தால் வேறு தசைகள் உழைக்கும், உட்கார்ந்த இடத்துக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். தள்ளுவதை ஓய்வு என்றே கணக்கில் வையுங்கள்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்து மிதிப்பது, எப்போது எழுந்து நிற்பது என்பதும் பலர் கேட்கும் கேள்வி. உட்கார்ந்து மிதிப்பதே சிக்கனமானது. ஆனாலும் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு கியரை உயர்த்திக்கொண்டு இருபது முப்பது சுற்றுகள் எழுந்து நின்று மிதித்தால் இடுப்பு நிமிரும், அழுந்திய தோலுக்கு இரத்தம் பாயும். கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்கம் மிகச் செங்குத்தாக இருக்கும். உங்கள் பக்கத்துத் தடத்தை விட்டு விலகாமல், அதற்குள்ளேயே வெளி ஓரத்தை ஒட்டிப் போனால் சரிவு குறையும். கைகளை இறுக்கிப் பிடிக்காதீர்கள். தோள்கள் காதை நோக்கி ஏறியிருப்பதைக் கவனித்தால் உடனே இறக்கிவிடுங்கள், அந்த இறுக்கம் எந்தப் பயனும் இல்லாமல் வலுவைத் தின்கிறது. உள்ளங்கை ஒரே இடத்தில் அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும் என்பதால், கை வைக்கும் இடத்தையும் அடிக்கடி மாற்றுங்கள்.

உச்சியை நினைத்து ஏறாதீர்கள் என்பேன். மலைச்சாலையில் உச்சி போலத் தெரிவது பெரும்பாலும் அடுத்த வளைவுதான். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை என்று பிரித்துக்கொண்டால் மனம் சோர்வதில்லை.

உணவும் நீரும்

100 கிலோ எடையை 1,000 மீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 981 கிலோஜூல் வேலை செய்ய வேண்டும். நாம் உண்ணும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவே மிதிப்பதற்குப் பயன்படுகிறது, மற்றது வெப்பமாகிவிடுகிறது. ஆகவே அந்த ஏற்றத்துக்கு மட்டுமே ஏறத்தாழ 1,000 கிலோகலோரி செலவாகிறது. சமதளத்தில் காற்றைக் கிழித்துச் செல்வதற்கானது தனி. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் நாம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து 400 முதல் 500 கிராம் அளவுதான், அதாவது ஏறத்தாழ 2,000 கிலோகலோரி. மெதுவாக மிதித்தால் கொழுப்பும் பெருமளவில் எரிந்து இந்தச் சேமிப்பைக் காக்கும். வேகமாக மிதித்தால் சேமிப்பு நண்பகலிலேயே தீர்ந்துவிடும்.

அதனால் முதல் மணி நேரத்திலிருந்தே சாப்பிடத் தொடங்க வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து பெரும்பாலானவர்களின் வயிறு ஏற்கும் அளவு. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழம், ரொட்டி, உலர்திராட்சை என்று எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துப்போகிறதோ அதை இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை சிறிதளவு உண்ணுங்கள். பசிக்கட்டும் என்று காத்திருந்தால் காலம் தாழ்ந்துவிடும். உண்டது இரத்தத்தில் சேரும் வரை சாலை காத்திருப்பதில்லை. நீண்ட ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது என்பதால், ஏற்றம் தொடங்கும் முன்னும் உச்சியை அடைந்த பின்னும் உண்பது வசதியானது. நண்பகலில் வயிறு நிறைய உண்டுவிட்டு உடனே ஏறுவதைத் தவிருங்கள். இரண்டு சிறு உணவாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

நீரின் அளவு வெயிலையும் உடல்வாகையும் பொறுத்தது. மிதமான வானிலையில் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரையிலும், கடும் வெயிலில் அதற்கு மேலும் தேவைப்படும். ஏறும்போது வேகம் குறைவாக இருப்பதால் உடலைக் குளிர்விக்கக் காற்று வீசுவதில்லை. அதனால் வியர்வை மிகுதியாகப் பெருகும். வெறும் நீரை மட்டும் நாள் முழுவதும் தாராளமாகக் குடித்துக்கொண்டே இருப்பதிலும் ஆபத்து உண்டு. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் குமட்டலும் தலைவலியும் குழப்பமும் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. உப்புள்ள உணவை இடையிடையே சேர்த்துக்கொண்டு, தாகத்துக்கு ஏற்றபடி குடிப்பதே ஏற்ற வழி. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

இறக்கம்

உச்சியில் நின்றதும் முதல் வேலை, வியர்வை உலரும் முன்பே காற்றுப் புகாத மேலாடையை அணிவது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. நனைந்த சட்டையோடு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் விரல்கள் விறைத்துப் பிரேக்கை அழுத்தவே சிரமப்படும். களைப்பு நாளின் விபத்துகளுக்கு இறக்கமே வாய்ப்பான இடம், ஏனெனில் கால்கள் ஓய்வெடுக்கும்போது கவனமும் ஓய்வெடுக்கப் பார்க்கும்.

10 சதவீத இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விட்டால் சுமையுள்ள மிதிவண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தைத் தொடுவது எளிது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகிறது. மாறாக, அதே இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இறங்கினால், 100 கிலோ சுமைக்கு 400 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் பிரேக்குகளில் இடைவிடாமல் உண்டாகும். இரண்டு சக்கரங்களிலும் ஒரு சிறு மின்அடுப்பைப் பகிர்ந்து வைத்தது போன்ற வெப்பம் அது. ரிம்மை அழுத்தும் பிரேக் என்றால் சூடேறிய ரிம்மால் டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக் என்றால் பிடிமானம் தளர்ந்து லீவர் கைப்பிடி வரை வந்துவிடலாம். எனவே சற்று ஓடவிட்டு, இரண்டு பிரேக்குகளையும் உறுதியாகப் பிடித்து வேகத்தை நன்கு குறைத்து, மறுபடி விடுவது என்ற முறையில் இறங்குங்கள். விட்ட நேரத்தில் காற்று அவற்றைக் குளிர்விக்கும். நெடிய இறக்கத்தில் ஓரிரு இடங்களில் நின்று ஆறவிடுவதும் நல்லது. சூடான டிஸ்க்கையோ ரிம்மையோ விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வளைவின் வெளிப்பக்கத்துக் காலைக் கீழே இறக்கி அதன்மேல் எடையைப் போட்டு, பார்வையைச் சாலை வெளியேறும் இடத்தில் வையுங்கள். பார்வை போகும் இடத்துக்கே வண்டி போகும் என்பதால், பள்ளத்தையோ எதிரே வரும் வாகனத்தையோ வெறித்துப் பார்க்கக் கூடாது. மழை பெய்த சாலையிலும், சருகும் சரளையும் கிடக்கும் வளைவிலும் பாதி வேகம் போதும். நடுவில் கால்களைச் சும்மா வைக்காமல் இலேசாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால், அடுத்த ஏற்றத்தில் தசைகள் விறைக்காமல் இருக்கும்.

பிற்பகலில் வரும் களைப்பை இனம்காணுதல்

வழிகாட்டிகள் பலவற்றில் இந்தப் பகுதி இருப்பதில்லை. எனக்கோ இதுவே மிக முக்கியமாகத் தோன்றுகிறது. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் "இனி முடியாது" என்று தோன்றும்போது, அந்த ஒரே உணர்வுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆகவே நிழலில் வண்டியைச் சாய்த்துவிட்டு ஐந்து நிமிடம் உங்களையே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சற்று முன்வரை நன்றாக இருந்தவர் திடீரென்று வெறுமையாக உணர்ந்தால், கை நடுங்கினால், குளிர்ந்த வியர்வை வந்தால், காரணமில்லாமல் எரிச்சலோ அழுகையோ வந்தால், அது பெரும்பாலும் சர்க்கரைக் குறைவு. பயணமே வீண் என்று மனம் சொல்வதும் இதன் அறிகுறிதான். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். விரைவில் செரிக்கும் இனிப்பான எதையாவது உண்டு பதினைந்து இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தால் உலகம் மாறிவிடும். அதன்பின் மெதுவாகத் தொடங்கி, இடைவிடாமல் சிறிது சிறிதாக உண்ண வேண்டும்.

தலைவலி, குமட்டல், மெதுவாக மிதிக்கும்போதும் படபடக்கும் இதயம், அடர்நிறச் சிறுநீர் ஆகியவை வெப்பத்தின் வேலை. நிழலில் படுத்து, கழுத்தையும் தலையையும் நனைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. உடலை உடனே குளிர்விப்பதும் மருத்துவ உதவிக்கு அழைப்பதும் தவிர அப்போது வேறு எதையும் யோசிக்கக் கூடாது.

கண் இமைகள் கனத்துச் சாலையில் கவனம் நிற்கவில்லை என்றால் முந்தைய இரவுத் தூக்கம் போதவில்லை. பாதுகாப்பான இடத்தில் இருபது நிமிடம் தூங்கி எழுங்கள். இறக்கம் வருவதற்கு முன்பே தூங்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆபத்து.

தொடையும் கெண்டைக்காலும் பொதுவாகக் கனத்து வலிப்பது இயல்பான களைப்பு. கியரை இன்னும் தாழ்த்தி, மணிக்கு ஒரு முறை ஐந்து பத்து நிமிடம் நின்று போனால் அது நம்மோடு சேர்ந்தே வரும், நம்மை நிறுத்தாது. நீண்ட ஓய்வு இதற்கு உதவுவதில்லை, தசைகள் ஆறி விறைத்துவிடும். இதற்கு மாறாக, முழங்காலிலோ குதிகால் நரம்பிலோ ஒரே புள்ளியில் குத்தும் வலி, மிதிக்க மிதிக்கக் கூடிக்கொண்டே போனால், அதைப் பொறுத்துக்கொண்டு போவது தவறு. இருக்கையை மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். குறையவில்லை என்றால் அன்றைய பயணத்தை அங்கேயே முடிப்பதுதான் அறிவு. மூட்டில் உண்டாகும் அழற்சி பல வாரங்கள் நீடிக்கக்கூடும்.

இந்த விசாரணை முடிந்ததும் கடிகாரத்தையும் வரைபடத்தையும் எடுங்கள். மீதமுள்ள தூரத்துக்கும் ஏற்றத்துக்கும் முந்தைய இரவு போட்ட அதே கணக்கைப் போட்டு, காலையில் உங்கள் கணக்கு எவ்வளவு தவறியதோ அந்த விகிதத்தையும் அதில் சேருங்கள். மூன்று மணி நேரம் என்று நினைத்தது நான்கு மணி நேரம் பிடித்திருந்தால், மீதியும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவே பிடிக்கும். அந்தக் கணக்கு சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உங்களைத் தங்குமிடம் சேர்க்கவில்லை என்றால், குறித்து வைத்திருக்கும் மாற்று ஊருக்குத் திரும்பிவிடுங்கள். இருட்டில், களைத்த கண்களோடு, தெரியாத மலைச்சாலையில் இறங்குவது பயணத்தின் பகுதி ஆகாது. முன்விளக்கும் பின்விளக்கும் எப்போதும் உடன் இருக்க வேண்டும். அவை எதிர்பாராத தாமதத்துக்காக மட்டுமே.

சேர்ந்த பிறகு

தங்குமிடத்துக்கு முந்தைய இரண்டு மூன்று கிலோமீட்டரை இலேசான கியரில் கடந்து வாருங்கள். வந்ததும் படுத்துவிடத் தோன்றும். அதற்கு முன் நனைந்த உடைகளைக் களைந்து, குளித்து, உட்கார்ந்த இடத்துத் தோலை நன்றாக உலர்த்துங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிராம் வீதம் மாவுச்சத்தும், 20 முதல் 25 கிராம் புரதமும் உண்டால், வெறுமையான சேமிப்பு மறுநாளுக்குள் நிரம்பத் தொடங்கும். மிகக் களைத்தவர்களுக்குப் பசி எடுப்பதில்லை என்பதால், பசியில்லாவிட்டாலும் மென்மையான உணவாகவோ பானமாகவோ உட்கொள்ள வேண்டும். இரவு உணவை அதன்பின் வழக்கம்போல் உண்ணலாம்.

வெளிச்சம் இருக்கும்போதே பிரேக் கட்டைகளையும் டயர்களையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நெடிய இறக்கம் ஒன்றே புதிய கட்டைகளைக் கணிசமாகத் தேய்த்துவிடும், மழையில் இன்னும் வேகமாகத் தேயும். தண்ணீர்க் குடுவைகளைக் கழுவி வையுங்கள். பிறகு மறுநாளின் உயர வரைபடத்தைத் திறந்து, இன்று ஏறியதில் பாதிக்கு மேல் நாளை வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து படிக்கட்டில் இறங்கிப் பார்க்கும்போது தொடைகள் கைப்பிடியைத் தேட வைத்தால், அந்தப் பாதியையும் பாதியாக்குங்கள். வலி இல்லாமல் இறங்க முடிந்தால் திட்டப்படியே புறப்படலாம்.